தொழில் என்ற கட்டம்

குமாஸ்தா கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, எல்லாம் சரியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். தங்கை கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அக்காவின் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. பிறந்த தேதி சரி. இறந்தது முந்தாநாள், காலை ஏழு இருபது. சரி. முகவரியும் சரி. அதற்குக் கீழே தொழில் என்று ஒரு கட்டம். அதில் ஒரே ஒரு சொல்.

இல்லை.

"இங்க ஒரு கையெழுத்து," என்று குமாஸ்தா பேனாவை நீட்டினார்.

"இது தப்பு," என்றாள் தங்கை.

குமாஸ்தாவுக்கு நல்ல சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். "எது?"

"தொழில். எங்க அக்கா வேலை பாத்தாங்க. பத்தொன்பது வருஷம். பெரிய ஆஸ்பத்திரியில, சலவைப் பிரிவுல."

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். இறந்தவர் எட்டு மாதமாக மருத்துவ விடுப்பில் இருந்திருக்கிறார். ஆறு மாதம் தாண்டினால் பெயர் பணியாளர் பட்டியலிலிருந்து தானாகவே உதிர்ந்துவிடும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்குத் தொழில் இல்லை என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும். யாரும் வேண்டுமென்று செய்தது இல்லை. இதனால் எந்தக் காரியமும் தடைபடாது என்று ஆறுதலும் சொன்னார்.

தங்கைக்கு இந்த அந்நிய ஊரின் பாஷை தையல் கடையில் படிந்தது. நீளம், அகலம், இடுப்பைப் பிடிக்கணுமா, கை மடிப்பை இறக்கணுமா, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பதிமூன்று வருடமாக அந்தக் கடையில் மற்றவர்களின் கால்சட்டைகளைக் குட்டையாக்கி வயிறு வளர்க்கிறாள். அந்தச் சொற்களைத் தாண்டி ஒரு அடி எடுத்துவைத்தால் நாக்கு தடுக்கிவிடும். குமாஸ்தா சொன்னது முழுக்கப் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் வாயில் எதுவும் வரவில்லை.

பக்கத்தில் நின்ற கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். கிடங்கில் பொதிதூக்கி வண்டி ஓட்டுகிறவர். இரண்டு ஆள் உயரத்துக்குப் பெட்டிகளைத் தூக்கி அசையாமல் அடுக்கிவிட்டு வருவார்; ஆனால் ஒரு கவுன்டருக்கு முன்னால் நின்றால் குரல் பாதியாகிவிடும்.

"ஏம்மா, போட்டுடேன். யாரு இதப் படிக்கப் போறா? ரெண்டரை மணிக்கு எரிமேடையில நேரம் குடுத்திருக்காங்க. இந்தத் தாள் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. இங்கயும் ஒரு மணிக்கு ஜன்னல மூடிருவாங்க."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால்.

அப்போதுதான் கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. ஊரிலிருந்து அண்ணன். அழைப்பு இல்லை, படம். இரங்கல் அட்டை அச்சுக்குப் போவதற்கு முன் பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தான். நடுவில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீருடை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். தங்கை ஒரு கணம் திகைத்துப் போனாள். பிறகுதான் கழுத்துக்குக் கீழே நிறம் மாறுவது தெரிந்தது. யாரோ ஒரு வெளிர்நிற நர்ஸின் உடம்பில் அக்காவின் கறுத்த முகத்தை வெட்டி ஒட்டியிருந்தான் ஸ்டுடியோக்காரன். கீழே கொட்டை எழுத்தில், 'வெளிநாட்டில் தலைமைச் செவிலியராகப் பணியாற்றிய' என்று.

இங்கே இல்லை. அங்கே தலைமைச் செவிலியர். தங்கை திரையையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டிலும் அக்கா இல்லை.

நர்ஸ் என்ற பேச்சை ஆரம்பித்தது அண்ணன்தான். அக்காவுக்கு நேர் இளையவன் அவன். கல்யாணமான ஒரே வருடத்தில் புருஷன் விட்டுவிட்டுப் போனதும் அக்கா தனியாகக் கிளம்பி இந்த ஊருக்கு வந்து, ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் துணி வெளுக்கும் வேலையில் சேர்ந்தாள். 'ஆஸ்பத்திரியில வேலை' என்று வீட்டுக்குச் சொன்னாள். அண்ணன் அதை ஊருக்குச் சொல்லும்போது நர்ஸாக்கினான். ஆறு வருடம் கழித்துத் தங்கையை இங்கே வரவழைத்தபோது அந்தப் பொய் காய்த்துப் பழுத்திருந்தது.

அண்ணனை மட்டும் சொல்லிப் பயனில்லை. தங்கையும் அதை மறுத்ததில்லை. இங்கே நம்மவர்கள் கூடும் இடங்களில் யாராவது கேட்டால், "அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வாள். மீதியைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு அம்மாள் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு அக்காவிடம் வந்தாள். இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடணுமா, பின்னால் போடணுமா சிஸ்டர் என்று கேட்டாள். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு மாத்திரையப் பத்தித் தெரியாதுங்க. நான் துணி வெளுக்கிறவ. ரத்தக்கறைய எப்படிப் போக்கணும்னு கேளுங்க, சொல்றேன். பச்சத்தண்ணிதான். சுடுதண்ணி ஊத்தினீங்கன்னா செத்தாலும் போகாது."

தங்கைக்கு அன்று பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவோடு பேசவில்லை. அக்காவும் சமாதானப்படுத்த வரவில்லை. பேருந்திலிருந்து இறங்கும்போது மட்டும், "நான் என்ன திருடினேனா?" என்று கேட்டாள். தங்கை பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"ஏன்?" என்றாள் தங்கை இப்போது, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்து.

"என்ன ஏன்?"

"ஏன் இல்லை? எட்டு மாசம் நோயாளி. பத்தொன்பது வருஷம் வேலை. எது பெரிசு?"

இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் நன்றி சொல்லக் கற்றுக்கொள்வார்கள், அடுத்தது மன்னிக்கவும். அக்கா முதலில் கற்றுக்கொண்டது 'ஏன்'. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டினாள். அறை ஜன்னல் திறக்கவில்லை என்று ஆறு மாதம் புழுங்கிக் கிடந்தவள், ஏன் ஏன் என்று கைப்பிடியை எல்லாப் பக்கமும் திருகிப் பார்த்து, மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னலின் மேற்பகுதி மட்டும் உள்ளே சாய்ந்து திறக்கும் என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த நாளில் மாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, தெரியாதவர்களுக்கெல்லாம் செய்து காட்டினாளாம். அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. இந்த ஊரில் எதையும் வாயால் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அது தெரிந்த பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இருக்கை இல்லை, மனு. மின்தூக்கி மூன்றாம் மாடியில் மூச்சு வாங்குகிறது, மனு. குடியிருப்பில் அவளுக்குப் பெயரே மனு அக்கா என்று ஆகிவிட்டது. தங்கையின் கணவர்கூட, அக்காவின் காதில் விழாதபோது, "மனு அண்ணி வந்தாங்களா?" என்றுதான் கேட்பார்.

குமாஸ்தா மூக்கை உறிஞ்சினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். கடைசியில் அவர் சொன்னார்: பட்டியலிலிருந்து பெயர் உதிர்ந்த பிறகு, அதாவது கடந்த இரண்டு மாதத்துக்குள், வேலை கொடுத்த இடத்திலிருந்து அவரைத் தொழிலாளி என்று குறிப்பிட்டு வந்த தாள் ஏதாவது இருந்தால் மாற்றலாம். மூலப்பிரதி வேண்டும். ஒரு மணிக்குள் வேண்டும்.

"செத்துட்டிருந்தவங்களுக்கு யாரும்மா தாள் எழுதியிருப்பா?" என்றார் கணவர்.

"நான் போய்க் கேக்கறேன். நீங்க இங்கயே இருங்க. அந்த எரிமேடைக்காரங்களுக்குப் போன் போட்டு வேற நேரம் கேளுங்க."

"நானா? நான் என்னன்னு கேப்பேன்?"

"முடியாதுன்னா ஏன்னு கேளுங்க," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி நான்கு நிறுத்தம். முந்தாநாள் காலை இதே பேருந்தில்தான் வந்தாள். அன்று ஆறாம் மாடியில் அக்கா கண்ணை மூடியபடி தலையணை உறையை விரல்களால் நெருடிக்கொண்டிருந்தாள். ஏதாவது வேண்டுமா என்று குனிந்து கேட்டதற்கு, "இது சரியாக் காயல. யாரு ஷிப்டு?" என்றாள். பிதற்றல் என்று நினைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தாள் தங்கை. அக்கா மறுபடி பேசவில்லை. எல்லாம் முடிந்து, நர்ஸ் வந்து கருவிகளை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டுப் போன பிறகு தங்கை அந்த உறையைத் தொட்டுப் பார்த்தாள். தையல் ஓரம் முழுக்க ஈரம்.

பணியாளர் பிரிவின் ஜன்னலில் இருந்த பெண், விண்ணப்பம் தந்தால் மூன்று வேலை நாட்களில் சான்று தருவோம் என்றாள். மூன்று நாள் அக்காவை எங்கே வைப்பது என்று கேட்கத் தங்கைக்குச் சொற்கள் போதவில்லை. திரும்பி வந்து மின்தூக்கிக்கு முன்னால் நின்றாள். சுவரில் அம்புக்குறிகள். கதிர்வீச்சு, மகப்பேறு, உணவகம். எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், கீழ்நோக்கிய அம்போடு, சலவை.

இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் அங்கே இறங்கியதில்லை. சாவி வாங்கவோ சாப்பாடு கொடுக்கவோ வந்தால் வாசலில் நின்று போன் செய்வாள். அக்கா மேலே வருவாள். ஏன் இறங்கியதில்லை என்று இப்போது யோசிக்கப் பிடிக்கவில்லை. கீழ்ப் பொத்தானை அழுத்தினாள்.

கதவு திறந்ததும் சத்தம்தான் முதலில் வந்து மோதியது. பிறகு வெக்கை. பேருந்து நுழையும் அகலத்துக்கு ஒரு கூடம். இடதுபக்கம் வட்டக் கண்ணாடி வைத்த இயந்திரங்கள் வரிசையாக உருண்டன. சக்கரம் வைத்த தொட்டிகளில் அழுக்குத் துணி குவியல் குவியலாக வந்து இறங்கியது. நீல மேலங்கியும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட்ட பெண்கள் அவற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரத்தம் பட்டது, மருந்து பட்டது, குழந்தைகள் பிரிவு, அறுவை அரங்கம். யாரும் யாரோடும் பேசவில்லை. அந்தச் சத்தத்தில் பேசவும் முடியாது. தலையால், புருவத்தால், விரலால் சொல்லிக்கொண்டார்கள்.

கீச்சென்று ஒரு விசில். கழுத்தில் கயிறு கட்டிய விசிலோடு, குட்டையாக, கட்டுமஸ்தாக ஒரு அம்மாள் அவளை நோக்கி வந்தாள். வெளியாட்கள் வரக்கூடாது என்று கையால் காட்டினாள். தங்கைக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அக்கா வீட்டுக்கு வந்தால் பாதி நேரம் திட்டித் தீர்த்தது இவளைத்தான். மேற்பார்வையாளர். அக்கா வைத்த பெயர் விசில். "அந்த விசில் இன்னிக்கு என்ன பண்ணிச்சு தெரியுமா" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

தங்கை தொலைபேசியை எடுத்து அக்காவின் படத்தைக் காட்டினாள். நர்ஸ் படம் இல்லை, ஜன்னலோரம் எடுத்தது. விசிலின் முகம் மாறியது. கண்ணாடி போட்ட சின்ன அலுவலக அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் பாதியானது. பின்னாலேயே, வாசல் நிலையில் தலை இடித்துவிடும் உயரத்தில் இன்னொரு பெண்ணும் நுழைந்தாள். இவள் நெட்டை. இவளைப் பற்றியும் கேட்டிருக்கிறாள். அக்காவும் நெட்டையும் பத்து வருடம் ஒரே இயந்திரத்தில் வேலை செய்தவர்கள். இருவருக்கும் பொதுவான பாஷை என்று ஒன்று கிடையாது.

தங்கை தையல் கடைச் சொற்களைக் கூட்டிப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். தொழில் இல்லை என்று எழுதியிருப்பதைச் சொன்னபோது விசில் ஒரு சொல் சொன்னாள். அது தையல் கடையில் கற்றுக்கொள்ள முடியாத சொல், ஆனால் புரிந்தது.

"நான் சான்று தர முடியாது. எனக்கு முத்திரை கிடையாது," என்றாள் விசில். "வேலைப் பதிவேட்டுல பேர் இருக்கு. ஆனா அதுவும் எட்டு மாசம் முன்னாடியோட நின்னுபோச்சு."

நெட்டை சுவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஷிப்டு அட்டவணைக்குப் பக்கத்தில், தக்கைப் பலகையில், நான்கு மூலையிலும் ஊசி குத்தி ஒரு கடிதம் இருந்தது. மேலே ஆஸ்பத்திரியின் சின்னம். கீழே வட்ட முத்திரை. பெறுநர் இடத்தில் அக்காவின் பெயர். பெயருக்குக் கீழே, சலவைத் தொழிலாளி, அடித்தளம். தங்கள் மூன்றாவது மனு பரிசீலிக்கப்பட்டு, வடக்குச் சுவரில் காற்றுப்போக்கிகள் பொருத்த ஒப்புதல் அளிக்கப்படுகிறது. தேதி, ஐந்து வாரத்துக்கு முன்பு.

தங்கை திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்தாள். வடக்குச் சுவரின் உச்சியில் இரண்டு பெரிய விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"நோய்னு படுக்கிறதுக்கு முந்தின நாள் குடுத்த மனு," என்றாள் விசில். "என் மேலயும் ரெண்டு வரி எழுதியிருந்தா. சொல்லியும் நான் கண்டுக்கலன்னு. அதுக்கு நான் ரெண்டு தடவ விளக்கம் எழுத வேண்டியிருந்துச்சு. இந்தக் கடுதாசி வந்த அன்னிக்கு மேல வார்டுக்குப் போயி நானே படிச்சுக் காட்டினேன். சந்தோஷப்படுவான்னு பாத்தா, தேதிய மறுபடி படின்னா. ஏழு மாசம் ஆயிருக்கு, தாமதத்துக்குத் தனியா ஒரு மனு எழுதணும், பேனா குடுன்னா."

சொல்லிவிட்டு விசில் தன் விரல் நகத்தால் ஊசிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். நான்காவது வர மறுத்தது. நெட்டை கை கொடுத்தாள். கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுக்கும்போது விசில் கண்டிப்பாகச் சொன்னாள்.

"இது இங்கதான் இருக்கணும். திருப்பிக் கொண்டு வரணும்."

"எடுத்துட்டு வரேன்."

"காரியம் எத்தன மணிக்கு?"

தங்கை தெரியாது என்று கையை விரித்தாள். உண்மையிலேயே தெரியவில்லை.

திரும்பும் பேருந்தில் உட்கார்ந்ததும் அண்ணன் அழைத்தான். அச்சகத்தில் நிற்கிறானாம்.

"படம் பாத்தியா? நல்லா வந்திருக்கில்ல? நீ ஓகேன்னா அடிச்சிடுவாங்க."

"அடிக்காதீங்கண்ணா."

"ஏன், என்ன தப்பு?"

"அது அக்கா இல்ல."

"மூஞ்சி அக்காதானே? உடம்புக்கு நல்ல படம் எதுவும் இல்லம்மா, அதான் ஸ்டுடியோவுல..."

"அக்கா நர்ஸ் இல்லண்ணா. துணி வெளுத்தாங்க. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அச்சு இயந்திரத்தின் ஓசைக்கு நடுவே அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "இப்ப எதுக்கு இதெல்லாம்? போனவங்கள கௌரவமா அனுப்பி வைப்போம். பொண்ணுக்கு வேற சம்பந்தம் பேசிட்டிருக்கோம். அத்தை நர்ஸுன்னுதான் சொல்லியிருக்கு. இப்பப் போய் மாத்திச் சொன்னா என்ன நினைப்பாங்க?"

"பேசுங்க. அத்தை துணி வெளுத்தாங்கன்னு சொல்லியே பேசுங்க. அதுக்கு மூஞ்சி சுளிக்கிற வீட்டுக்கு நம்ம பொண்ணு எதுக்குப் போகணும்?"

"உனக்கென்ன, நீ அங்க இருக்க. நான்ல இங்க தலை காட்டணும்?"

"அண்ணா, அந்த ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன் பண்ற டாக்டரு போட்டுக்கிற துணிய அக்காதான் சுத்தம் பண்ணினாங்க. பொறக்கிற கொழந்தைய முதமுதல்ல சுத்தி எடுக்கிற துணியும் அக்கா வெளுத்ததுதான். இதுல தலை காட்ட முடியாத அளவுக்கு என்ன இருக்கு?"

அவள் குரல் உயர்ந்துவிட்டிருந்தது. பேருந்தில் நான்கைந்து தலைகள் திரும்பின. வழக்கமாக இப்படித் திரும்பினால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடுவாள். பேருந்தில் சத்தமாகப் பேசியதற்காக அக்காவை எத்தனை தடவை கிள்ளியிருக்கிறாள்! இன்று தலைகளை நிமிர்ந்து பார்த்தாள். அவை ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டன.

"சலவைத் தொழிலாளின்னு போடுங்க," என்றாள். "இல்லன்னா அட்டையே வேணாம். நர்ஸுன்னு அடிச்சீங்கன்னா, நான் இங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு இல்லன்னு சொல்லுவேன்."

"நீயும் அவள மாதிரியே ஆயிட்ட," என்றான் அண்ணன்.

தங்கை அதை மறுக்கவில்லை. தொடர்பு அறுந்தது. அவன் வைத்தானா, சுரங்கப் பாதை வந்ததா என்று தெரியவில்லை.

பதிவு அலுவலகத்தின் படிகளை ஏறும்போது பன்னிரண்டே முக்கால். கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சிவந்து, சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"நாலரைக்கு மாத்திட்டேன்," என்றார். "கடைசி நேரமாம் அது. முதல்ல முடியாதுன்னாங்க. நான் ஏன்னு கேட்டேன். விதின்னாங்க. அந்த விதிய எழுதிக் குடுங்கன்னு சொன்னேன். கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு, வந்து நாலரைன்னாங்க." சொல்லிவிட்டு, தானா பேசினோம் என்பதுபோலத் தன் தொலைபேசியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

குமாஸ்தா ஜன்னலின் பாதித் திரையை இறக்கியிருந்தார். தங்கை பிளாஸ்டிக் உறையை அதன் கீழே தள்ளினாள். அவர் கடிதத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார். முத்திரையை விளக்குக்கு நேரே பிடித்தார். தும்மினார்.

"மூணாவது மனுவா?" என்றார்.

"ஆமா. முதல் ரெண்டுக்கும் பதில் வரல."

அவர் விசைப்பலகையை அருகே இழுத்து, தொழில் என்ற கட்டத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். புதிதாக அடித்தார். திரையை மறுபடி அவள் பக்கம் திருப்பி, எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்றார். தங்கை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து படித்தாள். இரண்டு சொற்கள். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டாள். தாளில் பேனா அழுந்திப் பின்பக்கம் வரை பதிந்துவிட்டது.

வெளியே வந்ததும் சலவைப் பிரிவுக்கு, மணி நாலரை என்று செய்தி அனுப்பச் சொல்லிக் கணவரிடம் எண்ணைக் கொடுத்தாள். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஷிப்டு ஐந்தரை வரை.

எரிமேடைக் கூடம் சின்னது. சாம்பல் நிறச் சுவர், மெழுகு போட்டுத் துடைத்த தரை. முன்வரிசையில் எட்டு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் குடும்பத்தினர் என்று அட்டை. பின்னால் நான்கு வரிசைகள். குடும்பம் என்று இருந்தது இரண்டே பேர். கணவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர், தையல் கடை முதலாளியம்மா, குடியிருப்பிலிருந்து மூன்று பேர் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மூடிய பெட்டிக்குள் இருந்தாள். கறுப்புக் கோட்டுப் போட்ட கூடப் பொறுப்பாளர் தொடங்கலாமா என்று கேட்டபோது நாலு முப்பத்திரண்டு.

கதவு திறந்தது.

விசில் முதலில் வந்தாள். பின்னால் நெட்டை, அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பெண்கள். யாரும் உடை மாற்றியிருக்கவில்லை. நீல மேலங்கி, நனைந்த முழங்கை, பூட்ஸ். அந்த வாசல் வழியாக நீராவி வாசனையும் கூடவே நுழைந்தது. பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு மீதிப் பேரிடம் இயந்திரங்களை விட்டுவிட்டு வந்திருப்பாள் போலிருக்கிறது. பொறுப்பாளர் தரையைப் பார்த்தார், அவர்கள் கால்களைப் பார்த்தார், பிறகு கடைசி வரிசையைக் கையால் காட்டினார். பெண்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"இங்க," என்றாள் தங்கை.

எழுந்துபோய் நெட்டையின் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்து வந்தாள். குடும்பத்தினருக்கான இடம் இது என்று பொறுப்பாளர் மெல்லச் சொன்னார். தங்கை தன் நாற்காலியின் முதுகிலிருந்த அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அடுத்ததையும் கழற்றினாள். கணவர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, மறுமுனையிலிருந்து அட்டைகளைக் கழற்றிக்கொண்டே வந்தார். எட்டு நாற்காலி, எட்டுப் பெண்கள். கணவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

தங்கை பிளாஸ்டிக் உறையை விசிலிடம் நீட்டினாள். விசில் நான்கு மூலைகளையும் சரிபார்த்துவிட்டு மேலங்கிக்குள் செருகிக்கொண்டாள்.

யாராவது பேசுகிறீர்களா என்று பொறுப்பாளர் கேட்டார். தங்கை எழுந்தாள். எழுதி வைத்துக்கொண்டு எதுவும் வரவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னாள். "சலவைத் தொழிலாளி. பத்தொன்பது வருஷம்," என்றாள், இந்த ஊர் பாஷையில். பிறகு அதையே தமிழிலும் ஒருமுறை சொன்னாள். முன்வரிசையில் யாருக்கும் தமிழ் தெரியாது. எல்லோரும் தலையசைத்தார்கள்.

பெட்டி மெதுவாக நகர்ந்து உள்ளே போனது. சாம்பல் நிறத் திரை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தது. எங்கோ ஒரு விசை அழுத்தப்படும் ஓசை. அவ்வளவுதான்.

பொறுப்பாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து மணிக்குக் கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து, தங்கையின் தோளைத் தொட்டுவிட்டு, ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பொறுப்பாளர் ஒருமுறை இருமினார். பிறகு இன்னொரு முறை.

முன்வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை. பூட்ஸ்களிலிருந்து தண்ணீர் சொட்டி, மெழுகிட்ட தரையில் ஒவ்வொரு காலடியிலும் சின்னச் சின்னதாகத் தேங்கி நின்றது.